மாளிகையின் அஸ்திவாரத்தில் யார்?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்றைய வகுப்பில் ஒரு கடத்தல்காரனின் வீடுகளைப் பற்றிப் பேசப் போகிறோம். "கூலி உயர்வையும் பஞ்சப்படியையும் பேச வேண்டிய இடத்தில் கடத்தல்காரன் வீட்டுக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது.

நம் வாலிபர்கள் சிலர் ஒரு மீசைக்காரன் படம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். படத்தில் இருப்பவன் பாப்லோ எஸ்கோபார். தென் அமெரிக்காவில் கொலம்பியா என்ற நாட்டில் கொகைன் என்னும் போதைப்பொருளைக் கடத்தி, உலகக் கோடீஸ்வரர் வரிசையில் உட்கார்ந்தவன். 1993ல் செத்துப்போனான். 2015ல் அவனை வைத்து ஒரு தொடர்படம் வந்தது. கைபேசியில் அதைப் பார்த்துவிட்டு நம் பையன்கள், "ஏழை வீட்டுப் பிள்ளை, எப்படி வாழ்ந்தான் பாருங்கள்! ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தானாமே!" என்று வாயைப் பிளக்கிறார்கள்.

சரி, எப்படி வாழ்ந்தான் என்றே பார்ப்போம். அவன் வீட்டு வாசலைத் திறந்து உள்ளே போவோம். விருந்தாளியாகப் போக வேண்டாம். சங்கத்தில் கணக்குக் கேட்கிறோமே, அந்த மாதிரிக் கணக்குக் கேட்கப் போவோம்.

ஐயாயிரம் ஏக்கர் பண்ணை

எஸ்கோபார் 1949 டிசம்பர் 1ந் தேதி பிறந்தான். அப்பா சிறு விவசாயி. அம்மா பள்ளிக்கூட வாத்தியாரம்மா. வாலிபத்தில் கள்ளச் சிகரெட் கடத்தினான், கார் திருடினான். 1970களில் கொகைனில் இறங்கினான். 1976ல் ஒருமுறை பிடிபட்டு வெளியே வந்தான். அதற்குப் பத்து வருஷத்துக்குள் அவன் கட்டி ஆண்ட வீடுகளுக்குக் கணக்கில்லை.

எல்லாவற்றிலும் பெரியது 'நேபோலெஸ்' என்ற பண்ணை. மெடலின் நகரத்துக்குக் கிழக்கே, மக்தலேனா என்ற பெரிய நதியின் சமவெளியில் இருக்கிறது. விஸ்தீரணம் சுமார் 20 சதுர கிலோமீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 5,000 ஏக்கர். நம் மாநிலத்தில் நில உச்சவரம்புச் சட்டம் 1970ல் ஒரு குடும்பத்துக்குப் போட்ட அளவு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர். அந்தச் சட்டத்துக்கும் எத்தனை பினாமி, எத்தனை தர்ம டிரஸ்டு என்று உங்களுக்குத் தெரியும். அதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பண்ணையின் வாசல் வளைவுக்கு மேலே ஒரு சின்ன விமானத்தை ஏற்றி வைத்திருந்தான். முதல் சரக்கைச் சுமந்து போன விமானம் அதுதான் என்பது ஊர்ப் பேச்சு. நாம் ஆயுதபூஜை நாளில் தறிக்கும் ஏருக்கும் பொட்டு வைக்கிறோம். அவன் தன் தொழிற்கருவியை வாசலில் தூக்கி வைத்தான். உள்ளே சொந்தமாக விமானம் இறங்கும் ஓடுபாதை, செயற்கை ஏரிகள், காளைச்சண்டை மைதானம், பழங்காலப் பிராணிகளான டைனோசார்களின் ஆளுயரத்தை மிஞ்சிய பொம்மைகள். அதோடு நிற்கவில்லை. யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, தீக்கோழி என்று வெளிநாட்டு மிருகங்களைக் கொண்டுவந்து ஒரு மிருகக்காட்சிசாலையே வைத்தான். நாலு நீர்யானைகளும் வந்தன. ஜனங்கள் காசில்லாமல் வந்து பார்க்கலாம். பார்த்தவர்கள் மயங்கினார்கள்.

மெடலினில் பணக்காரர்கள் குடியிருக்கும் பகுதியில் 'மோனகோ' என்று பல மாடிக் கட்டிடம் ஒன்று. அதன் மேல்தளத்தில் அவன் குடும்பம். அமெரிக்காவில் மயாமி கடற்கரையில் ரோஜா நிறப் பங்களா ஒன்று. குவாட்டப்பே என்ற ஊரில் நீர்த்தேக்கக் கரையோரம் மகள் பேரில் ஒரு மாளிகை.

அமெரிக்க முதலாளிகளின் பத்திரிகையான ஃபோர்ப்ஸ் 1987ல் உலகக் கோடீஸ்வரர் பட்டியலை வெளியிட்டபோது எஸ்கோபார் பெயரையும் சேர்த்தது. செத்துப்போகும்வரை அந்தப் பெயர் அதில் இருந்தது. அவனுக்குக் கணக்கு எழுதிய அண்ணனே பின்னால் ஒரு புத்தகம் எழுதினான். நோட்டுக் கட்டுகளுக்கு ரப்பர் வளையம் வாங்கவே மாதாமாதம் ஆயிரக்கணக்கில் டாலர் செலவாம். ஒளித்து வைத்த பணத்தில் பத்தில் ஒரு பங்கை எலியும் ஈரமும் தின்னும் என்று முன்கூட்டியே தள்ளுபடி எழுதுவார்களாம். எலிக்குக்கூடப் படியளந்த பண்ணை!

இலை பறித்தவன் கதை

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கொகைன் வானத்திலிருந்து விழவில்லை. அது கோகா என்ற செடியின் இலையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆண்டிஸ் மலைவாசிகள் ஆயிரக்கணக்கான வருஷமாக அந்த இலையை மென்று வருகிறார்கள். நம்மவர்கள் வெற்றிலை போடுவது போல. பசியையும் களைப்பையும் அடக்கும். அதில் குற்றமில்லை. மூட்டை மூட்டையாக இலையைக் குவித்து, மண்ணெண்ணெயும் அமிலமும் ஊற்றிக் கசக்கி, கடைசியில் ஒரு கிலோ வெள்ளைத் தூளாக இறக்கும்போதுதான் அது விஷம்.

1980களில் இந்த இலையில் பெரும்பகுதி பெரு, பொலிவியா நாடுகளில் விளைந்தது. பயிரிட்டவன் யார்? பொலிவியாவைப் பாருங்கள். அங்கே வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளிகள் கட்டுப்பாடான சங்கம் வைத்துப் போராடிய வீரர்கள். 1985ல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தது. அந்த வருஷமே சர்க்கார் ஓர் உத்தரவு போட்டுச் சுரங்கங்களை இழுத்து மூடத் தொடங்கியது. 20,000க்கு மேற்பட்ட தொழிலாளிகள் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களில் பலர் குடும்பத்தோடு சப்பாரே என்ற காட்டுப் பகுதிக்குப் போய்க் கோகா பயிரிட்டார்கள். நெல்லுக்கும் பழத்துக்கும் ரோடு இல்லை, சந்தை இல்லை. இலைக்கு மட்டும் ஆள் தேடி வந்து வாங்கினான்.

ஆலை மூடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஊரைவிட்டுப் போனவர்களையும், கந்துவட்டிக்காரனிடம் சிக்கியவர்களையும் நம் தெருவிலேயே எண்ணிக் காட்டலாம். பொலிவியாவில் அந்தப் பாதை கோகா வயலுக்குப் போனது. வியர்வை சிந்தியவனுக்குக் கிடைத்தது அன்றாடக் கஞ்சி. அவன் இலைக்கும் அமெரிக்க நகரத்தில் விற்ற தூளுக்கும் இடையில் விலை எத்தனையோ மடங்கு ஏறியது. அந்த இடைவெளியில் முளைத்ததுதான் நேபோலெஸ் பண்ணை.

மறுமுனையில் அந்தத் தூளுக்குப் பலியானவன் யார்? அமெரிக்காவில் பணக்காரன் கொகைனைத் தூளாக உறிஞ்சினான். அதையே கட்டியாக்கி, 'கிராக்' என்ற பேரில் ஏழைக் கறுப்பர் தெருக்களில் மலிவாக விற்றார்கள். 1986ல் அமெரிக்கச் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? 5 கிராம் கிராக் விற்கப் பிடிபட்டவனுக்குக் குறைந்தது ஐந்து வருஷச் சிறை. தூளாக இருந்தால் 500 கிராமுக்குத்தான் அதே தண்டனை! சரக்கு ஒன்றே, தண்டனை நூறு மடங்கு. 2010ல்தான் இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள்.

தர்மப் பிரபு வேஷம்

"சரி, ஏழைக்கு வீடு கட்டிக் கொடுத்தானே" என்பார்கள். கட்டினான், மறுக்கவில்லை. மெடலின் நகரத்தின் குப்பையெல்லாம் கொட்டிய மேடு மொராவியா. அந்தக் குப்பைமேட்டின் மேலேயே ஜனங்கள் குடிசை போட்டு, குப்பை பொறுக்கிப் பிழைத்தார்கள். அவர்களில் சில நூறு குடும்பங்களுக்கு அவன் வீடு கொடுத்தான். சேரிப் பையன்களுக்குக் கால்பந்து மைதானம் போட்டு விளக்கும் மாட்டினான். இன்றும் அந்தக் குடியிருப்பில் அவன் படத்தை வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த ஏழைகளை நாம் குறை சொல்ல மாட்டோம். மழையில் நனைந்தவன் குடை நீட்டிய கையைத்தான் பார்ப்பான். குப்பைமேட்டில் மனிதனைக் குடிவைத்த சர்க்காரும் நகரத்துப் பெரிய மனிதர்களுந்தான் வெட்கப்பட வேண்டும்.

ஆனால் அந்தத் தர்மத்தின் தேதியைக் கவனியுங்கள். 1982ல் அவன் பார்லிமெண்டுக்கு மாற்று உறுப்பினனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். வீடு கட்டும் திட்டமும் அதே காலம். வோட்டு வேண்டியிருந்தது, கௌரவம் வேண்டியிருந்தது. அவன் முகமூடியைக் கிழித்தவர் நீதி மந்திரி ரோட்ரிகோ லாரா பொனில்யா. 1984 ஏப்ரல் 30ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவனுடைய பழைய வழக்கைத் தோண்டி எடுத்து அச்சடித்தவர் 'எல் எஸ்பெக்டடோர்' பத்திரிகை ஆசிரியர் கியெர்மோ கானோ. 1986 டிசம்பர் 17ல் பத்திரிகை ஆபீஸ் வாசலருகே கொல்லப்பட்டார். 1989 நவம்பர் 27ல் ஒரு பிரயாணி விமானத்தில் வெடிகுண்டு வைத்தார்கள். அதில் வருவார் என்று எதிர்பார்த்த அரசியல்வாதி ஏறவேயில்லை; ஏறியிருந்த 107 பேரும் தரையில் மூவரும் மாண்டார்கள்.

இந்தக் கொலைகளைச் செய்த கைகள் யாருடையவை? சேரிப் பையன்களின் கைகள்! பதினைந்து, பதினாறு வயசுப் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, கையில் துப்பாக்கி கொடுத்து அனுப்பினான். ஒரு போலீஸ்காரனைக் கொன்றால் இவ்வளவு என்று தலைக்கு விலை வைத்தான். செத்த போலீஸ்காரனும் ஏழை வீட்டுப் பிள்ளை, சுட்ட பையனும் ஏழை வீட்டுப் பிள்ளை. 1991 என்ற ஒரே வருஷத்தில் மெடலின் நகரத்தில் 6,000 பேருக்கு மேல் கொலையுண்டார்கள். சில நூறு வீடுகள் கொடுத்தவன் எத்தனை ஆயிரம் வீடுகளில் விளக்கை அணைத்தான் என்று பையன்களைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் நம் வர்க்கம் மறக்கக் கூடாது. கடத்தல் பணம் நிலத்தில் பாய்ந்தது. மக்தலேனா சமவெளியில் கடத்தல்காரர்கள் பெரும் பண்ணையார்களாக மாறினார்கள். பண்ணையார் ஆனதும் பண்ணையாரின் பகை அவர்களுக்கும் வந்துவிட்டது. சங்கம் வைத்த விவசாயி எதிரியானான். 1981ல் ஒரு கடத்தல் குடும்பத்துப் பெண்ணைக் கெரில்லாக்கள் பிடித்துக்கொண்டு போனதைச் சாக்காக வைத்து, எஸ்கோபாரும் கூட்டாளிகளும் ஒரு கொலைப்படை அமைத்தார்கள். அதே பேரில் நிலப்பிரபுக்களும் ராணுவ அதிகாரிகள் சிலரும் சேர்ந்துகொண்டு விவசாயிகளையும் தொழிற்சங்கக்காரர்களையும் வேட்டையாடினார்கள். 1985ல் கம்யூனிஸ்டுகளும் மற்ற முற்போக்காளரும் சேர்ந்து 'தேசபக்த ஐக்கியம்' என்ற கட்சியைத் தொடங்கினார்கள். அதன் ஜனாதிபதி வேட்பாளர் ஹைமே பார்தோ லேயால் 1987 அக்டோபர் 11ல் கொல்லப்பட்டார். அந்தக் கொலையில் எஸ்கோபாரின் தொழில் கூட்டாளி ரோட்ரிகெஸ் காச்சாவின் கை இருந்தது. அந்தக் கட்சியின் அழிப்பில் 6,000க்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், அதற்குக் கொலம்பிய அரசே பொறுப்பு என்று அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பு 2023 ஜனவரியில் வெளியானது. இவனா ஏழைப் பங்காளன்?

அந்தப்புரமும் சிறையும்

வீட்டுக்குள்ளே எப்படி இருந்தான்? "குடும்பத்தின் மேல் உயிராய் இருந்தான்" என்று தொடர்படம் உருகுகிறது. 1976ல் அவன் கல்யாணம் செய்தபோது அவனுக்கு வயசு 26, மணப்பெண்ணுக்கு 15. வெளியே அவனுக்கு இருந்த பெண்கள் பலர். அந்த மனைவி 2018ல் எழுதிய புத்தகத்தில் தான் பட்டதையெல்லாம் சொல்லியிருக்கிறாள். 1988 ஜனவரி 13 விடியற்காலையில் போட்டிக் கும்பல் மோனகோ கட்டிடத்தின் வாசலில் கார் குண்டு வெடித்தது. உள்ளே தூங்கிய அவன் பெண் குழந்தைக்குக் காது பாதித்தது. பளிங்குத் தரை போட்ட அப்பன் அந்தக் குழந்தைக்கு ஓர் இரவு நிம்மதியான தூக்கத்தைக் கொடுக்க முடியவில்லை.

1991 ஜூன் 19ல் அவன் சரணடைந்தான். குற்றவாளிகளை அந்நிய நாட்டுக்கு அனுப்புவதில்லை என்று அரசியல் நிர்ணய சபை வோட்டெடுத்து முடிவுசெய்த அதே நாள்! போன சிறை எது? அவனே இடம் பார்த்து, தன் ஊருக்கு மேலே மலையில் கட்டிக்கொண்ட 'லா கதெட்ரால்'. காவல்காரர்களும் அவன் ஆட்கள். உள்ளே கால்பந்து மைதானம், மதுக்கடை, குளிக்கும் தொட்டி, மகள் விளையாடப் பொம்மை வீடு, கீழே நகரத்தைப் பார்க்கத் தொலைநோக்கி. வயிற்றுக்கில்லாமல் ஒரு கைப்பிடி தானியம் எடுத்தவனை உதைத்து லாக்கப்பில் போடும் உலகத்தில், கோடி கொடுத்தவனுக்குச் சிறையும் பங்களா. 1992ல் அங்கேயே தன் கூட்டாளிகள் இருவரைக் கொன்றான். வேறு சிறைக்கு மாற்ற ராணுவம் வந்தபோது, ஜூலை 22ல் தப்பி ஓடினான்.

ஓடிய நாட்களில் ஒரு குளிர் இரவு. மகள் நடுங்குகிறாள். விறகு இல்லை. நோட்டுக் கட்டுகளைக் கொளுத்தித் தீ மூட்டினான், எரிந்தது சுமார் 20 லட்சம் டாலர் என்று அவன் மகன் பிற்பாடு சொன்னான். சிலர் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள். நாம் யோசிக்க வேண்டியது வேறு. ஒரு சுமை விறகு வாங்கக் கடைத்தெருவுக்குப் போக முடியாதவனிடம் 20 லட்சம் டாலர் இருந்து என்ன? காடு மேட்டில் சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டும் நம் வீட்டுப் பெண் அவனைவிட மேல்.

1993 நவம்பரில் அவன் மனைவி மக்கள் ஜெர்மனிக்கு ஓடினார்கள்; அங்கே இறங்கவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். டிசம்பர் 2ந் தேதி, 44 வயசு முடிந்த மறுநாள், மகனுடன் டெலிபோனில் பேசியதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தார்கள். மெடலினில் ஒரு சாதாரண வீட்டின் ஓட்டுக் கூரைமேல், செருப்பில்லாத காலோடு ஓடும்போது சுடப்பட்டு விழுந்தான். கூட இருந்தவன் ஒரே ஒரு மெய்க்காவலன்.

தப்பியவர்கள் யார்?

அவன் செத்ததோடு கொகைன் ஒழிந்ததா? ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி 2023ல் கொலம்பியாவில் கோகா பயிரான நிலம் 253,000 ஹெக்டேர். அதாவது ஆறேகால் லட்சம் ஏக்கர். ஆளைச் சுட்டார்கள், வியாபாரம் வளர்ந்தது. லாபம் இருக்கும்வரை ஒரு எஸ்கோபார் போனால் இன்னொருவன் வருவான்.

அந்த லாபத்தை வெளுத்துக் கொடுத்தவர்களைப் பாருங்கள். 1970களில் கொலம்பியாவின் மத்திய பாங்கியிலேயே, "டாலர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்காமல் மாற்றிக் கொடுக்க ஒரு ஜன்னல் இருந்தது, அதற்குக் 'கேடுகெட்ட ஜன்னல்' என்று பேர் வந்தது. பி.சி.சி.ஐ. என்ற சர்வதேச பாங்கி கடத்தல் பணத்தை வெளுத்ததாக 1990ல் அமெரிக்கக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2012ல் எச்.எஸ்.பி.சி. என்ற பிரம்மாண்டமான பிரிட்டிஷ் பாங்கி, மெக்சிகோ, கொலம்பியா கடத்தல் கும்பல்களின் பணம் தன் வழியாகப் போக விட்டதற்காக 190 கோடி டாலர் கட்டிச் சமாதானம் செய்துகொண்டது. அந்த வழக்கில் சிறைக்குப் போன அதிகாரி எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை! 5 கிராமுக்கு ஐந்து வருஷம். கோடி கோடியாக வெளுத்தவனுக்கு ஒரு ரசீது. இதுதான் முதலாளித்துவ நீதி.

வீடுகள் என்ன ஆயின? மயாமி பங்களாவை 1987ல் அமெரிக்க சர்க்கார் பறிமுதல் செய்தது. 2016ல் புதுச் சொந்தக்காரர் இடித்தார். குவாட்டப்பே மாளிகை 1993ல் எதிரிகளின் குண்டில் போனது. லா கதெட்ரால் சிறை பின்னால் முதியோர் இல்லமானது. மோனகோ கட்டிடத்தை 2019 பிப்ரவரி 22ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் ஒரு பூங்கா எழுந்தது. 1983 முதல் 1994 வரை அந்தப் பயங்கரத்துக்குப் பலியான 46,612 உயிர்களின் நினைவு அது. அவன் கட்டியதில் நிற்க வேண்டியது எது என்று மெடலின் ஜனங்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

நேபோலெஸ் பண்ணையின் மற்ற மிருகங்களைப் பல இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். நீர்யானைகளை யாராலும் அசைக்க முடியவில்லை. நாலு பெருகி 2023ல் 160ஐத் தாண்டிவிட்டன. நதியில் இறங்கி மீனவரை மிரட்டுகின்றன. 2020ல் தண்ணீர் எடுக்கப் போன ஒரு விவசாயியைக் கடித்துக் குதறியது ஒன்று. அவற்றில் 60ஐ நம் குஜராத்துக்கே அனுப்பலாம் என்றுகூட 2023ல் ஒரு திட்டம் பேசினார்கள். கோடீஸ்வரன் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விட்டான். முப்பது வருஷம் கழித்தும் கடி படுகிறவன் தண்ணீர்க் குடம் தூக்கும் ஏழை!

அந்தப் பண்ணை பின்னால் டிக்கெட் போட்டு உல்லாசப் பூங்கா நடத்தும் இடமாயிற்று. உள்நாட்டுச் சண்டையில் நிலமிழந்த விவசாயப் பெண்கள், "எங்களுக்கு அதில் உழுவதற்கு நிலம் கொடு" என்று கேட்டுப் போராடினார்கள். 2025ல் பண்ணையின் ஒரு பகுதியை அவர்களுக்குக் கொடுப்பதாகச் சர்க்கார் அறிவித்தது. 5,000 ஏக்கர் கதையில் நம் நெஞ்சுக்கு நெருக்கமான பக்கம் இதுதான். அந்தப் பெண்கள் யார் போட்ட பிச்சைக்கும் காத்திருக்கவில்லை. கூட்டமாய் நின்று கேட்டார்கள்.

தோழர்களே! நம் ஊரிலும் சின்னச் சின்ன எஸ்கோபார்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் கஞ்சாப் பொட்டலம் விற்ற காசில் கோயில் திருவிழாவுக்கு மைக் செட்டு கட்டுவான். கபடிக் குழுவுக்குப் பனியன் வாங்கிக் கொடுப்பான். சாவு வீட்டில் பந்தல் செலவு ஏற்பான். நாளைக்கு ஸ்டிரைக் என்றால், முதலாளியிடம் காசு வாங்கிக்கொண்டு அந்தப் பனியன் போட்ட பையன்களையே நம்மேல் ஏவுவான். ஆகவே அவன் நீட்டுவதை வாங்காதீர்கள். கபடிக் குழுவுக்குப் பனியன் வேண்டுமா? சங்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்குவோம். சாவு வீட்டுச் செலவா? நாமே வசூலித்துக் கொடுப்போம். வீட்டுமனை வேண்டுமா? தாலுகா ஆபீஸ் வாசலில் போய் உட்காருவோம்.

வீட்டுக்குப் போனதும் அந்தப் பனியன் போட்ட பையனைத் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்: "தம்பி, அந்த மாளிகைக்கு இலை பறித்தவன் பேர் தெரியுமா? துப்பாக்கி தூக்கிச் செத்த பையன் பேர் தெரியுமா? அவன் பணத்தை வெளுத்த பாங்கிக்காரன் பேர் தெரியுமா?" அவனுக்குத் தெரியாது, தொடர்படம் அதைச் சொல்லித் தராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.